எக்ஸ்பிரஸ் கூட்டிய எட்டு நிமிடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவன் நடந்து நான் பார்த்ததில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல எப்போதும் ஓட்டம்தான். நான் ஸ்கேன் அறையில் இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுப்பவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அவனைப்போல வேலையை நேசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அவசரப் பிரிவு டாக்டரம்மா பக்கவாதம் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வாய் கோணி, கை விழுந்து ஒருவர் வருகிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா? ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் கரைக்க மருந்து உண்டு. வெடிப்பு என்றால் அதே மருந்து எமன். படம் வரும்வரை மருந்தைத் தொட முடியாது, மூளையோ நமக்காகக் காத்திருக்காது.

பழைய முறைப்படி, வந்தவரைக் கட்டிலில் போட்டு, சீட்டு எழுதி, ரத்தம் எடுத்து, ஆளாளுக்கு வந்து பார்த்து, பிறகு என்னிடம் அனுப்புவார்கள். சராசரி நாற்பத்தேழு நிமிடம். டாக்டரம்மா கட்டிலே வேண்டாம் என்றார். ஆம்புலன்ஸிலிருந்து நேராக ஸ்கேனுக்கு. மற்றதெல்லாம் போகிற போக்கில். இருபது நிமிடத்துக்குள் படம் வந்துவிட்டால் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் இந்த முறையைச் சொல்லலாம். மூன்று மாதம் பழைய முறை, மூன்று மாதம் புது முறை, இரண்டையும் ஒப்பிடுவது என்று ஏற்பாடு. ஆளுக்கொரு கைக்கடிகாரம் பார்க்கக்கூடாது, நோயாளி வந்த நேரத்தை அவசரப் பிரிவின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. படம் எடுத்த நேரத்தை என் மெஷின் தானே பதிந்துகொள்ளும்.

புது முறையில் சராசரி எவ்வளவு தெரியுமா? பதினாறு நிமிடம்! எக்ஸ்பிரஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பதினாறுக்கா, பதினாறு!" என்று தினமும் என் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு ஓடுவான்.

கடைசி நாள் காலை ஒரு தையல்காரம்மா வந்தார். வலது கை துவண்டுவிட்டது, பேச்சு குழறியது. என் அறைக்கு இரட்டைக் கதவு. அதில் ஒன்றுதான் திறக்கும். பெரிய ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பதால் வெளியே நிறுத்தி, சின்னத் தள்ளுவண்டிக்கு மாற்றிக் கொண்டுவருவதுதான் வழக்கம். அன்று பார்த்துத் தள்ளுவண்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது. எக்ஸ்பிரஸ் யோசிக்கவே இல்லை. ஒல்லியான அந்த அம்மாவை நர்ஸ் தலையைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் ஸ்கேன் மேசையில் கிடத்தினான். படம் வந்தது. அடைப்புதான்! மருந்து ஏறியது. மத்தியானத்துக்குள் அந்த விரல்கள் அசைந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று மணிக்கு டாக்டரம்மா ஆராய்ச்சிக் கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்புவதாக இருந்தார். கடைசி வரியை நிரப்ப நான் இரண்டு நேரத்தையும் எடுத்தேன். தையல்காரம்மா வந்தது பதினொன்று இருபது. படம் எடுத்தது பதினொன்று பதினேழு.

மறுபடி பார்த்தேன். ஆள் வருவதற்கு மூன்று நிமிடம் முன்பே அவர் மூளை வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது!

அவசரப் பிரிவுக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தையும் என் செல்போனையும் பார்த்தேன். கடிகாரம் எட்டு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எக்ஸ்பிரஸ் திருதிருவென்று விழித்தான்.

"என்னப்பா பண்ணின?"

"பேட்டரி மாத்தினப்போ கொஞ்சம் தள்ளி வெச்சேன்க்கா. புது முறை ஆரம்பிச்ச அன்னிக்கி. ஷிப்டுக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வர மாட்டேங்கிறாங்க. அஞ்சு நிமிஷம்னா கண்டுபிடிச்சிடுவாங்க, பத்துன்னா சண்டைக்கு வருவாங்க. அதான் எட்டு."

கண்டுபிடித்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. எட்டு நிமிடம் முன்னதாக வீட்டுக்குக் கிளம்பலாமே!

நோயாளிகள் வந்த நேரமெல்லாம் எட்டு நிமிடம் பிந்திப் பதிவாகியிருக்கிறது. பதினாறோடு எட்டைக் கூட்டினால் இருபத்திநாலு. டாக்டரம்மா சொன்ன இருபதைத் தாண்டிவிட்டது. அவன் வேலை போய்விடும் என்று பயந்து, நானே ஒரு புத்தி சொன்னேன்: "அந்த ஒரு வரியை மட்டும் திருத்திடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் தலையை ஆட்டினான். "வேணாம்க்கா. பதினாறுன்னு நம்பி வேற ஆஸ்பத்திரியில செய்வாங்க. அவங்களுக்கு இருபத்திநாலு வரும். ஸ்ட்ரெச்சர் தள்றவன் சரியா ஓடலைன்னு அவனைத் திட்டுவாங்க. அவன் என்ன பண்ணுவான், பாவம்?"

சொல்லிவிட்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினான். அப்போதும் ஓட்டம்தான். நான் பின்னால் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது எல்லாவற்றையும் கொட்டி முடித்திருந்தான். டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"இதுக்கு உங்க வேலையே போகலாம். தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

அவர் அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "வாசல்ல கேமரா இருக்கு. அதுல சரியான நேரம் பதிஞ்சிருக்கும். ஒவ்வொருத்தரா பார்ப்போம், வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். முடிவு இருபத்திநாலேதான். ஆனால் தையல்காரம்மா வரியில் வெறும் ஐந்து! டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இவங்களுக்கு மட்டும் எப்படி அஞ்சு?"

"ஸ்கேன் மேசை காலியா இருந்திச்சு டாக்டர். அப்புறம் நான் தூக்கிட்டே ஓடிட்டேன். வண்டி மாத்தல. வண்டி மாத்தறதுலயே ஆறேழு நிமிஷம் போயிடும்."

"ஏன் மாத்தணும்?"

"கதவு ஒண்ணுதான் திறக்கும்."

"இன்னொண்ணு ஏன் திறக்காது?"

எக்ஸ்பிரஸ் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்குச் சுரீரென்றது. அந்தக் கதவுக்குப் பின்னால் பத்து வருடமாக என் பீரோ நிற்கிறது. உள்ளே பழைய பிலிம், ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு.

"ஏன்ப்பா சொல்லல?" என்று கத்தினேன்.

"இப்படிக் கத்துவீங்கன்னுதான்க்கா."

பத்து வருடம்! எத்தனை பேரை வெளி வராந்தாவில் படுக்க வைத்திருக்கிறேன்! அவன் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது மூன்று மாதம்தான். என் கோபத்துக்குப் பயந்து இந்த ஆஸ்பத்திரியே பத்து வருடமாக ஆறேழு நிமிடத்தை இழந்திருக்கிறது. வெட்கத்தில் செத்தேன். அன்றே நானும் அவனும் சேர்ந்து பீரோவை வெளியே தள்ளினோம். தாழ்ப்பாள் துருவேறியிருந்தது, சுத்தியலால் தட்டித் திறந்தோம். பெரிய ஸ்ட்ரெச்சர் ஒரு இடி இடிக்காமல் உள்ளே வந்தது. "வந்திடுச்சுக்கா!" என்று காலி ஸ்ட்ரெச்சரை நாலு தடவை உள்ளேயும் வெளியேயும் ஓட்டிக் காட்டினான்.

டாக்டரம்மா அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. மேலும் மூன்று மாதம் வாசல் கேமரா நேரப்படி பார்த்தோம். சராசரி பதினெட்டு நிமிடம். கலப்படமில்லாத பதினெட்டு!

கட்டுரை அச்சானதும் அவனைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சுவர்க் கடிகாரம் எட்டு நிமிடம் முன்னால் ஓடியதும் அதைத் திருத்தியதும் ஒரு வரி. ஸ்கேன் அறையின் இரண்டாவது கதவைத் திறந்துவிட்டது அதற்கடுத்த வரி. எக்ஸ்பிரஸ் முதல்முறையாக ஓடாமல் நின்று கேட்டான்.

"நாம ரெண்டு பேரும் வந்துட்டோம்க்கா! அடுத்தடுத்து!"

"பேர் போடலையே."

"நல்லவேளை" என்றான். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸுகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.