பருத்திச் சேலை கட்டச் சொன்னது யார்?

மைக் பிடித்துத் தொண்டை கட்டிப்போன சகாக்களுக்குத் தெரியும், நாம் பேசுவது ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் கேட்டதாக ஒருத்தரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுப் பாதுகாப்பு அறிவிப்பு சொல்லித் திரிந்தேன். சொன்னது ஒன்றுதான்: வெடிமருந்து அறைக்கு நைலக்ஸ் சேலை வேண்டாம், பருத்தி கட்டுங்கள். நைலக்ஸ் உரசினால் பொறி வரும், தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

பஸ் நிறுத்தத்தில்

ஆமத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற மாரியம்மாள் ஆட்டோவை மறித்தார். வெடிக்கு மருந்து அடைக்கிறவர். யார் அனுப்பியது என்று கேட்டார். முதலாளிமார் சங்கம்தான் என்று உள்ளதைச் சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நைலக்ஸ் என்றால் அலசி உதறினால் காய்ந்துவிடும், பருத்தியைத் துவைத்துக் காயப்போட யாருக்கு நேரம் என்றார் மாரியம்மாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்:

"நீங்க கூலிக்குப் பேசுறீக, நாங்க கூலிக்கு வேலை பாக்கோம். போயிட்டு வாங்க அண்ணாச்சி."

துணிக்கடையில்

அடுத்த சீசனுக்கு முன்னால் திருத்தங்கலில் வேட்டி எடுக்கப் போயிருந்தேன். பக்கத்தில் மாரியம்மாள். வேலைக்குப் புதிதாகச் சேரப்போகும் தங்கச்சி மகள் செல்வி பளபளவென்று ஒரு நைலக்ஸை எடுக்க, இவர் அதை ஒதுக்கிவிட்டுக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனையும் என் வாக்கியம். நான் மூச்சு விடும் இடத்தில்தான் அவரும் விட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதெல்லாம் யார் சொன்னது என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரு சொல்லணும்? இம்புட்டு வருசமா மருந்துல கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரியில்

வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்கள் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. ஓடி வரும்போது செல்வியின் முந்தானையில் தீப்பற்றியிருக்கிறது. பருத்தி என்பதால் உருகி ஒட்டவில்லை. மாரியம்மாள் சேலையை உருவி எறிந்துவிட்டார். செல்விக்குக் கையில் மட்டும் காயம். பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உங்கள் ஊருக்கு மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தவன் நான்தான் என்று மட்டும் சொன்னேன். செல்வி மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மைக்குல சொன்னதையெல்லாம் யாரு கேக்கா அண்ணாச்சி? எங்க பெரியம்மா சொன்னாக, கட்டுனேன்."

நம் பேச்சு ஜெயிக்க வேண்டுமென்றால் பேசியவனை ஊர் மறக்க வேண்டும், அந்த ஒரு வேலையை மட்டும் ஊர் யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறது.