வால்வு வைக்கப் போன இடத்தில் வெற்றிலை மாட்டிக்கொண்டது

கொழும்புக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தாச்சு, மக்களே!

வால்வு வைக்கவில்லை. (எப்படியும் கேட்பீர்கள். முதலே சொல்லிவிட்டேன்.)

தெரியாதவர்களுக்கு: என் வீட்டுக்காரருக்கு எம்பிசீமா. பீடி குடித்தே பழுதான நுரையீரல். உள்ளே போகும் காற்று வெளியே வர மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் வலை வீசிய மனிதர், இப்போது சட்டைப் பொத்தான் போட்டாலே மூச்சு வாங்குகிறார்.

நெஞ்சைக் கிழிக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டு, பழுதான பகுதிக்குப் போகும் மூச்சுக்குழாயில் குட்டி வால்வு வைப்பார்களாம். அடைபட்ட காற்று வெளியே வரும், புதிதாக உள்ளே போகாது. மிச்ச நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். எல்லாருக்கும் சரிவராது.

ஸ்கேன் பார்த்தார்கள். இவருக்குச் சரிவருமாம்! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு இரத்த ரிப்போட் வந்தது. டொக்டரின் முகம் மாறியது.

"ஐயா, நீங்க இன்னும் புகைக்கிறீங்கதானே?"

"ஐயோ டொக்டர்! பீடிய விட்டு ஒரு வருசத்துக்கு மேல. புள்ளையள் மேல சத்தியம்!"

"அப்ப ரத்தத்தில நிகோட்டின் எப்படி வந்தது?"

நான் பார்த்த பார்வையில் இவர் அங்கேயே எரிந்திருக்க வேண்டும்.

மறுபடி சத்தியம் செய்ய வாயைத் திறந்தார். டொக்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேல்!

"வெத்திலையோட புகையிலை போடுறீங்களா?"

"ஓம். அது சப்புறதுதானே டொக்டர், புகைக்கிறல்லையே!"

(எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் பீடியை விட்டவர்கள் வேறு எங்கே போவார்கள்?)

"எந்த வழியால போனாலும் நிகோட்டின்தான் ஐயா. முழுசா விட்டுட்டு, சில மாசம் கழிச்சு வாங்க. திரும்ப ரத்தம் பார்ப்பம். சுத்தமா இருந்தா வைக்கலாம்."

பஸ்ஸில் ஊர் வரும்வரை நான் சண்டையைத் தொடங்கவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை பிடித்தால் பதில் சொல்ல அவருக்கு மூச்சு வேண்டுமே. எனக்கும் களைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால், சுகம் விசாரிக்கப் பக்கத்து வீட்டு அக்கா. யார் வந்தாலும் வெற்றிலைத் தட்டு வைப்பதுதானே எங்கள் முறை. நான் அதை மறந்து குசினியில் தேநீர் போட நிற்க, அக்காவே எடுத்து நடுவில் வைத்துவிட்டார்.

"என்ன புள்ள, இவ்வளவு தூரம் போய்த்து சும்மாவா வந்தயள்? பாவம், தம்பி வாடிப் போய்த்தார். ஒரு வாய் போடுங்க தம்பி!"

இவர் எழும்பினார். தட்டைத் தூக்கிக்கொண்டு விறாந்தையிலிருந்து குசினிக்கு நடந்தார். சுவரைப் பிடித்து, நின்று நின்று, மூச்சு வாங்கி வந்து என் கையில் தந்தார்.

"இத எங்கயாவது ஒளிச்சி வை. எங்க எண்டு மட்டும் எனக்குச் சொல்லாத."

அவ்வளவுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. தட்டோடு நின்று அழுதேன்.

இப்போது சொல்லுங்கள் மக்களே, எங்கே ஒளிக்கட்டும்?

(கொமண்டில் வேண்டாம், இன்பொக்ஸில் வாருங்கள். மகனின் போனில் இவர் எல்லாவற்றையும் வாசிக்கிறார்!)