மரியதாஸ் மேல் எழுதப்பட்ட பழி

எனக்குக் கோர்வையாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இராயபுரத்தில் குடியிருக்கும் மெக்கானிக். என் மனைவியின் தம்பி மரியதாஸ் என் தவறினால் தீயில் வெந்து இறந்தான். அதை நான் மறைத்தேன். ஆண்டவர் என் வாயை எப்படித் திறந்தார் என்று சொல்லவே இந்த ஜெபக்கூட்டத்தில் நிற்கிறேன்.

சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். மீனம்பாக்கத்தில் ஒரு பணக்காரரின் சொந்த விமானத்தை நாங்கள் இருவரும் பராமரித்து வந்தோம். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அதன் முன்விசிறியைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அது மரியதாஸின் வேலை. அதற்கு முன்னால் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் நிரப்புவது என் வேலை.

அன்று காலை எஞ்சின் பிடிக்கவில்லை. பைலட் அவசரப்பட்டார். நான் திரும்பத் திரும்ப பெட்ரோல் விட்டேன். மிஞ்சியது புல்லில் சொட்டியது. அது வடிந்து காயும்வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பொறுக்கவில்லை. சுற்றச் சொன்னேன்.

டப்பென்று ஒரு சத்தம். எஞ்சினுக்கு அடியில் குப்பென்று தீ. தீயணைக்கும் கருவி என் காலடியில்தான் இருந்தது. என் கை எழவில்லை. மரியதாஸ்தான் பெட்ரோல் குழாயை மூடப் பாய்ந்தான். பைலட் குதித்துத் தப்பினார். இவன் சட்டை பற்றிக்கொண்டது. அதற்கப்புறம்தான் என் கால் நகர்ந்தது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் கோயிலில் முழந்தாளிட்டு அவன் உயிரைக் கேட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"மாமா, பெட்ரோலு மிஞ்சிப்போச்சுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிதான் சுத்துனேன். அக்காவாண்ட நீயே சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே போய்விட்டான். இருபத்தாறு வயது.

விசாரிக்க வந்தவர்களிடம் நான் வாய் திறக்கவில்லை. விசிறியைச் சுற்றியவனின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். என் மனைவி ரோசலின் அதை நம்பவில்லை. தன் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு சாயங்காலம் திரும்பி வரக்கூடாது என்று எண்ணி காசிமேட்டுக் கடலில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதேன். "ஆண்டவரே, அவன் உயிரைக் கேட்டேன், நீர் தரவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு வாயாவது தாரும்" என்றேன்.

பின்னால் ரோசலினின் குரல் கேட்டது. அவள் கடற்கரைப் பக்கம் வருகிறவளே அல்ல. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்ததாகப் பிறகு சொன்னாள்.

"இன்னாத்துக்குய்யா அங்க போய் நிக்கிறே? வூட்டுக்கு வா."

கரையேறி வந்து மணலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. எழுந்து முன்னே நடந்தாள். மறுநாள் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னேன். மரியதாஸ் பெயரை அடித்து என் பெயரை எழுதினார்கள். என் வேலை போயிற்று. பல வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் சோறு போட்டுவிட்டு, சொல்லச் சொன்னது அவன்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப அவன் உன்ன மன்னிச்சிட்டான். எனக்கு இன்னும் நாளாவும்."

அந்தச் சோற்றை அழுதுகொண்டே தின்றேன்.

இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். எவ்வளவு அவசரம் என்றாலும் பொறுத்துத்தான் எஞ்சினைத் தொடுவேன். ஞாயிறு பூசைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வருகிறோம். அவள் இன்னும் அழுகிறாள். நானும்தான். ஆனால் இப்போது சேர்ந்து அழ முடிகிறது. அந்தக் கிருபைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் வைத்திருக்கிறவர் உங்களில் இருந்தால், ஆண்டவரிடம் வாயைக் கேளுங்கள். கட்டாயம் தருவார். மரியதாஸின் ஆத்துமாவுக்காக இப்போது என்னோடு மாதாவை நோக்கி ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுங்கள்.