க்ரீம் பிஸ்கட்டில் இரண்டு பெட்டி குறைவு

எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் புது பிஸ்கட்டை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மாடியில் நாங்கள், கீழே குடோன். அப்பா ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு அந்த வட்டாரத்து ஏஜென்ட். லாரியில் நசுங்கியவை, தேதி முடியப்போகிறவை, இவைதான் மாடியேறி வரும். பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தோழிகளுக்கு, நான் தின்பது பெரும்பாலும் தூள் என்பது தெரியாது.

ஏஜென்ட் அப்பா என்றாலும் குடோனை ஆண்டவள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. ஜாதகத்தில் என்னவோ சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் அவளுக்கு வரன் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அப்பா கடை கடையாக ஆர்டர் எடுக்கக் கிளம்பியதும், புடவைக்கு மேல் அவருடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவாள். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். ஒவ்வொரு பெட்டியிலும் அது வந்த மாதத்தைச் சாக்பீஸால் எழுதியிருப்பாள். சுவரை ஒட்டி எதையும் அடுக்க விடமாட்டாள், ஓதம் ஏறிவிடுமாம். வெறுந்தரையிலும் கூடாது, பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும். பங்குனித் தேருக்கு மாட வீதிப் பக்கம் லாரி நுழைய முடியாது என்பதால், அதற்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கிவிடுவாள். எது எத்தனை பெட்டி இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நான் இப்போது தரமணியில், குடோன் இருப்பைக் கவனிக்கும் மென்பொருள் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இத்தனை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டும் எங்களால் அத்தையின் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் திடீரென்று கணக்கு தப்ப ஆரம்பித்தது.

மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து இருப்பை எண்ணிச் சரிபார்ப்பது வழக்கம். நான் நான்காவது படித்த வருடம் அந்த வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். சாந்தோம் பக்கத்துக்காரர். குனிந்து நிமிரும்போது சட்டைக்குள்ளிருந்து சின்னச் சிலுவை ஒன்று வெளியே வரும், அதைக் கூச்சத்தோடு உள்ளே தள்ளிக்கொள்வார். பைக்கை நிறுத்தியதும் எனக்கு ஒரு பாக்கெட் புத்தம் புது க்ரீம் பிஸ்கட் நீட்டுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை விட நல்லவர் உலகத்தில் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவர் வருகிற நாளில் அத்தை அந்தப் பழைய சட்டையை மாட்டமாட்டாள். பெட்டி வரிசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அத்தை.

"சால்ட் பிஸ்கட் முப்பத்தாறு, மேடம்."

"முப்பத்தாறு, சார்."

அவர் சொல்வார், அத்தை அதையே திருப்பிச் சொல்வாள். வேறு பேச்சே கிடையாது. எல்லாம் எண்ணி முடித்தால் க்ரீம் பிஸ்கட்டில் இரண்டு பெட்டி குறையும். "பரவால்ல மேடம், திங்கக்கிழமை வந்து இன்னொரு தடவை எண்ணிடலாம்" என்பார். அத்தை ரொம்பவும் கவலையாகத் தலையாட்டுவாள். திங்கட்கிழமை எண்ணினால் இரண்டு பெட்டியும் இருக்கும். எங்கேயோ வரிசை மாறியிருக்கும் என்பாள் அத்தை. அடுத்த மாதமும் இதே கதைதான். ஒன்றுக்கு இரண்டு முறை அவர் வந்ததில் எனக்கு இன்னொரு பாக்கெட் பிஸ்கட் லாபம்.

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. குடோன் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்தச் சந்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த இரண்டு குரல்களையும் ஒரு தடவை கேட்கமாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. வனஸ்பதியும் அட்டைப்பெட்டியும் கலந்த அந்த வாசனையில் நின்று, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்ல, அவ்வளவு ஆசையாக யாரும் எண்ணி நான் அதற்குப் பிறகு கேட்டதேயில்லை. அவர்களில் ஒருவர் வாய் திறந்து வேறேதாவது பேசியிருந்தாலும் எங்கள் வீடு இரண்டுபட்டிருக்கும். அது தெரிந்துதான் இருவரும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் அப்பா காய்ச்சலென்று வீட்டில் இருந்துவிட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சும்மா கீழே இறங்கியவர் காதில், இரண்டு பெட்டி குறைகிறது என்பது விழுந்தது. போன மாதங்களிலும் குறைந்ததாமே என்று தெரிந்ததும் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. அத்தையைத் தவிர குடோனில் புழங்குகிற ஒரே ஆள், பெட்டி தூக்குகிற லோடண்ணன். அப்பா அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்பா."

லோடண்ணன் தோளிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார்.

"இன்னா மொதலாளி, இப்டி சொல்லிட்ட? ஒடஞ்ச பாக்கெட்டக்கூட கேட்டு வாங்கினு போறவன் நானு. எக்காவ கேளு. எக்காவுக்குத் தெரியும்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை கம்பெனிக்காரரைப் பார்த்தாள்.

"சார், அவசரப்படாதீங்க, திங்கக்கிழமை நான் வந்து..." என்று அவர் அப்பாவிடம் ஆரம்பித்தார். அத்தை அவரை முடிக்க விடவில்லை. என் பக்கம் திரும்பி, "கண்ணு, அந்த குளுக்கோஸ் அடுக்குக்குப் பின்னால பூனை குட்டி போட்டிருக்கா பாரேன். காலையில சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

ஊரே தீப்பற்றி எரிந்தாலும் பூனைக்குட்டி என்றால் நான் ஓடுவேன். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் புகுந்து கடைசி வரை போனேன். குட்டி எதுவும் இல்லை. இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. அடியில் பலகை, மேலே சுத்தமான பாலித்தீன், பக்கத்தில் தேங்காய்ச் சில்லு வைத்த ஒரு எலிப்பொறி.

"பூனை இல்ல அத்தை! க்ரீம் பிஸ்கட்தான் இருக்கு, ரெண்டு பெட்டி!"

அதற்கப்புறம் நான்தான் அந்த வீட்டு ராணி. லோடண்ணன் என்னைத் தூக்கி, "பாப்பாதான் என் மானத்த காப்பாத்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தோளைப் பிடித்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். தொலைந்த பெட்டிக்குப் பலகை போட்டு எலிப்பொறி வைத்தது யார் என்று அப்பா கேட்கவேயில்லை. ஒளித்து வைக்கும்போதுகூட அத்தைக்குச் சரக்கு கெட்டுப்போவதைப் பொறுக்க முடியவில்லை என்பது எனக்கு உறைக்க எத்தனையோ வருடம் ஆனது.

குடோனில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். கிளம்பவில்லை. அடுக்குகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிப் பாத்துடலாமா, மேடம்?"

அத்தை சாக்பீஸைப் பெட்டி மேல் வைத்தாள்.

"வேணாம் சார். சரியா இருக்கு. இனிமே தப்பாது."

எனக்கு வந்ததே கோபம்! புழுதியில் ஊர்ந்து போய் நான் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகும் மறுபடி எண்ண வேண்டுமாம். என்னை நம்பாத இந்த ஆளிடம் அத்தை எனக்காகத்தான் அவ்வளவு கறாராகப் பேசினாள் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் பைக்கைக் கிளப்பிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். எப்போதும் கையாட்டுகிற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தை மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் பார்க்கக் கூடாதென்று, அவள் புடவையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.