அபாயாவின் உள்பக்கத்தில் எழுதிய சொற்கள்

சிபானா ராத்தா அபாயா தைக்கத் துணி வெட்டினால், அதன் பின்துண்டின் உள்பக்கத்தில் சோக்கட்டியால் ஓர் ஆங்கிலச் சொல் எழுதிவிடுவார். நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போதே அதைக் கவனித்திருக்கிறேன். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான்; எனக்கு அவர் அக்கா முறை. ஓர் அபாயாவுக்கு ஒரு சொல். தைத்து முடியும்வரை மெஷினோடு அவர் வாயும் அந்தச் சொல்லைச் சொல்லி அசைந்துகொண்டிருக்கும். அயன் பண்ணுமுன் துணியை உதறித் தட்டுவார். வெள்ளைத்தூள் எழும்பிக் கடற்காற்றோடு போய்விடும். எங்கள் ஊர் பாலமுனைப் பெண்கள் வீதியில் போகும்போது, அவர்கள் முதுகில் ஒரு சொல் இருந்து போனது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அதை நினைத்துக்கொண்டே பல நாள் பாடசாலைக்கு நடந்திருக்கிறேன்.

பொருள் சொல்வது என் வேலை. அவருக்கோ பொருள் மட்டும் போதாது.

“டயர்ட் எண்டா களைப்பு, சரி. அத ஆரிட்டகா சொல்ற? முதலாளிட்டயும் சொல்லலாமா, புருசனிட்ட மட்டுந்தானா?”

நான் அகராதியைப் புரட்டுவேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதியவள். ஆனால் களைத்துப்போனேன் என்று அந்த மொழியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவருடைய கணவர் ஜுனைட் காக்கா பதினொரு வருடமாக மஸ்கட்டில் வாகனம் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. அவர் சாமான் இறக்கும் ஓர் அபாயாக் கடைக்குத் தையல்காரி ஒருவர் தேவைப்பட்டார். வருகிற பெண்களோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தெரிய வேண்டும். கடைக்காரப் பெண் வீடியோவில் ஒருமுறை கதைத்துப் பார்ப்பாள். பிடித்தால் விசா.

“இது சரிவந்தா நாங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்து சோறு திம்பம் புள்ள,” என்றார் ராத்தா. வீடியோவில் சொல்ல வேண்டிய பதில்களை நான் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

அந்த வீடியோ நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. அபாயாத் துணிக்கு உள்ளும் புறமும் ஒரே கறுப்பு. சஹ்லா டீச்சரின் அபாயாவில் ராத்தா பின்துண்டைப் புறம்மாறிப் பொருத்திவிட்டார். கரண்ட் இல்லாததால் அயன் பண்ணவில்லை, தட்டவும் மறந்துபோனார். டீச்சர் அவசரத்தில் அதைப் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றில் ஒரு வலீமாக் கல்யாண விருந்துக்குப் போனார். எல்லோரும் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சோற்றுச் சஹனைச் சுற்றி மற்றப் பெண்களோடு உட்கார்ந்தபோது, முதுகில் வெள்ளை வெளேரென்று ‘ஹங்ரி’ என்று இருந்தது. பசி.

மறுநாள் வேலிக்கு அப்பால் டீச்சரின் குரல் கேட்டது.

“பக்கத்துச் சஹன்ல இருந்தெல்லாம் எறச்சி அள்ளி வெக்கிறாளுகள் சிபானா! டீச்சருக்குப் பசி, டீச்சருக்குப் பசி எண்டு. நான் இனி ஆர்ட முகத்துல முழிக்கிற?”

“அல்லாஹ்வே, மன்னிச்சிக்கங்க டீச்சர். கொஞ்சம் இரிங்க, இப்பவே பிரிச்சித் தைச்சித் தாறன். சோறு ஆக்கி வெச்சிரிக்கன், திண்டுட்டுப் போங்க.”

“இன்னமுமா?”

பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்.

ஆனால் அதன்பிறகு எல்லோரும் அபாயாவை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ராத்தா எழுதுவதை விட்டார். சொற்களை எழுதிப் படிக்க நான் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன்.

“கொப்பியப் பாத்தா நித்திரதான் வருகுது. சொல்லு ஒண்டும் நிக்குதில்லகா.”

கடைசியில், என் பட்டமளிப்பு விழாவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியை எடுத்தார். “இது உன்ட. நீ ஏசமாட்டாய்தானே?” வெட்டிய துண்டுகளில் தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் எழுதினார். மேசையில் பரப்பியபோது காற்று வந்தது. இருண்ட தண்ணீருக்குள் வெள்ளைக் குஞ்சுமீன்கள் திரும்புவதுபோல அவை அசைந்தன. வீடியோ நாள்வரை அவற்றை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

வீடியோ அன்று நான் போனில் தெரியாத பக்கமாக நின்றேன். நான் எழுதிக் கொடுத்த நீண்ட பதிலில் ராத்தா பாதியோடு நின்றுவிட்டார். கடைக்காரப் பெண், தைத்தது பிழைத்து வாடிக்கைக்காரி ஏசினால் என்ன செய்வாய் என்று கேட்டாள். ராத்தா என்னைப் பார்த்தார். நான் பிழையில்லாத ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் மேசையைப் பார்த்தார். விரல் துண்டுக்குத் துண்டு போனது. டீச்சர். வெடிங். ரைஸ். எழும்பித் திரும்பி முதுகைக் காட்டினார். ஹங்ரி. கைகளால் இறைச்சி அள்ளி வைத்துக் காட்டினார். பிறகு உட்கார்ந்து, மெதுவாக: சொரி. வெய்ட். ஐ ஸ்டிச். யூ ஈட்.

அந்தப் பெண் சிரித்துச் சிரித்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் விசா வந்தது. அந்த மொழியில் நான் இன்றுவரை ஒருவரையும் சிரிக்க வைத்ததில்லை. நான்கு வருடம் எதைத்தான் படித்தேன்?

போவதற்கு முன் ஊராருடைய அபாயாக்களையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டார். என்னுடையது மட்டும் மிஞ்சியது. நேரம் கிடைக்கவில்லையா, சொற்களைத் தட்டிவிட மனம் வரவில்லையா, நான் கேட்கவில்லை. விழாவுக்கு உம்மாவின் தங்கை ஆகிலா சாச்சியின் அபாயாவை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

இப்போதும் வட்ஸ்அப்பில் குரல் வரும். “புள்ள, உன்ட அபாயாக் கடன் என்ட தலையில கிடக்கு. லீவுல வந்து தைச்சித் தாறன்.” பின்னால் ஜுனைட் காக்கா சோற்றுக் கோப்பை கழுவுவது கேட்கும். இரண்டு வருடமாகிவிட்டது, லீவு இன்னும் கிடைக்கவில்லை. தைத்துத் தரட்டுமா என்று வேறு ஒரு தையல்காரி கேட்டார். நான் கொடுக்கவில்லை. துண்டுகள் எழுத்தோடு பையில் மடித்தபடி இருக்கின்றன.