கடைசியில் வைத்த பாட்டு

ஏழு வருடம் இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம், ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் மைதானம். நான் அங்கே சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு ராக் பேண்டில் கிடார். பேண்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கிடாருக்கு நான், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் சர்ச் நண்பர்கள் இரண்டு பேர், பாடுவதற்கு எங்கள் கட்டிங் பிரிவு ஆள் ஒருவன். தலைக்கனம் மட்டும் நாற்பது பேருக்கு இருந்தது.

அந்த வருடம் பூஜைக்கு எங்களையே வாசிக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். எங்களிடம் சொந்தமாக இருந்தது ஒரே பாட்டு. அதுவும் முழுக்க எங்களுடையது கிடையாது. தையல் லைனில் ஒரு அக்கா இருந்தார். மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவார். ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு கையில் டிபன் பாக்ஸோடு ரோட்டில் ஓடுகிறவளைக் கேலி செய்து அவரே கட்டிய நாலு வரி. லைன் மொத்தத்துக்கும் அது மனப்பாடம். அதோடு நான் ஒரு சரணம் சேர்த்து, கிடாரில் ஏற்றினேன்.

அன்றுதான் அக்காவுக்குக் கடைசி நாள். பூஜை முடிந்ததும் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். "டேய், மைக்ல என் பேரச் சொல்லுவியா? சும்மா சொல்லாத, நெஜமா சொல்லு" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன்.

பாட்டு வரிசையை முடிவு செய்ய மூன்று நாள் சண்டை போட்டோம். பாடுகிறவன் தொண்டை சூடாகிற வரைக்கும் உச்சஸ்தாயி வேண்டாம் என்றான். டிரம்மர் இரண்டு வேகப் பாட்டை அடுத்தடுத்து வைத்தால் கை கழன்றுவிடும் என்றான். என் பேஜார் வேறு. அக்கா பாட்டுக்குக் கிடாரின் தடித்த கம்பியைத் தளர்த்தி சுருதி இறக்க வேண்டும். இருப்பதோ ஒரே கிடார். நடுவில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் அதைக் கடைசியில் வைப்பது என்று முடிவானது. நல்ல பாட்டைக் கடைசியில் வைப்பதுதானே பெரிய பேண்டுகளின் வழக்கம் என்று எங்களுக்குப் பெருமை வேறு. தோலில் கோடு போடுகிற வெள்ளி ரீஃபிலால் ஒரு கறுப்பு லைனிங் துண்டில் எட்டுப் பாட்டையும் எழுதி, என் கால் பக்கத்தில் ஒட்டினேன்.

கச்சேரி நன்றாகத்தான் போனது. முன் வரிசையில் அக்கா, மாம்பழக் கலர் புடவையில், மடியில் பொரிப் பொட்டலத்தோடு. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நிமிர்ந்து உட்காருவார். நான் அடுத்ததை ஆரம்பித்ததும் சாய்ந்துகொள்வார். ஏழாவது பாட்டில் எனக்கு ஒரு தனி வாசிப்பு. ஒத்திகையில் ஒரு நிமிஷம்தான் வாசித்திருந்தேன். மேடையில் கைதட்டல் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன், இழுத்தேன், அப்படி இழுத்தேன். டிரம்மர் இரண்டு தடவை கண்ணைக் காட்டினானாம். மூடின கண்ணுக்கு எங்கே தெரியும்?

கண்ணைத் திறந்தபோது நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. நாலரை மணிக்கு ஷிப்ட் பஸ்கள் கிளம்பிவிடும். வாட்ச்மேன் விசில் ஊத, பொரியும் ஸ்வீட் பாக்ஸுமாக எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பேரணாம்பட்டு பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியை இறக்கினேன். சுருதி சேரவே இல்லை. பாடகன் அவசரமாக மைக்கைப் பிடித்து அக்கா பேரைச் சொன்னான். அதற்குள் பஸ், கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பிவிட்டது.

நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினோம். கேட்டது வாட்ச்மேனும், நாற்காலி அடுக்க வந்த இரண்டு பேரும். பஸ் யாருக்காகவும் நிற்காது என்றுதானே பாட்டே சொல்கிறது? மாதக் கணக்கில் பாடிப் பழகியும் பைக்கில் வருகிற எங்கள் மண்டையில் அது ஏறவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

லீவு முடிந்து வேலைக்குப் போனதும் தையல் லைன் பக்கம் தலை குனிந்து போனேன். ஒரு பெண் கூப்பிட்டாள். "இன்னாண்ணா, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு போற? அன்னிக்கி பஸ்ல நாங்க கச்சேரி பண்ணிட்டோம், தெரியுமா?"

கேட் தாண்டியதும் அக்கா வாயை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாராம். பின் சீட்டில் யாரோ அந்த நாலு வரியை எடுத்தார்களாம். அடுத்த சீட்டு சேர்ந்துகொண்டது. பிறகு பஸ் மொத்தமும். டிபன் பாக்ஸில் தாளம், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அக்கா பேரைச் சொல்லி ஒரு கூச்சல். பேரணாம்பட்டு வரைக்கும் விடவில்லையாம்.

"வீடியோ எடுத்தீங்களா?" என்று பரபரத்தேன்.

"ரெண்டு கையும் தட்டிக்கினு இருந்துச்சி. எத்த வெச்சி எடுக்கறது?" என்றாள்.

அன்று மாலையே ஓசூருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார். "விடு தம்பி. ஆனா அந்த ஏழாவது பாட்டுல நீ கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இழுத்துட்ட" என்றார். அப்படிச் சிரித்ததற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

பேண்டில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். வேலூரிலோ ஏலகிரியிலோ எப்போதாவது வாசிக்கிறோம். கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "உங்க ஜனங்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான். எந்த மேடையிலும் அக்கா பேரை மைக்கில் சொல்லி, சுருதி இறக்கிய கிடாரோடு அந்தப் பாட்டைத்தான் முதலில் வாசிக்கிறோம். எத்தனையோ தடவை வாசித்தாகிவிட்டது. ஆனாலும் நான் கேட்காத அந்தப் பஸ் கச்சேரிதான், எங்கள் பாட்டு சரியாகப் பாடப்பட்ட ஒரே தடவை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.