பைனாகுலர் அக்கா

கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையில், பழைய கலங்கரை விளக்கத்தின் அடிச்சுவரை ஒட்டி ஒரு மடக்கு மேசை. அதன்மேல் வாடகைக்கு விட ஏழெட்டு பைனாகுலர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் பைனாகுலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திமிங்கலம் எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது, எந்தப் பாறைக்கு நேரே பார்க்க வேண்டும் என்று கை நீட்டிக் காட்டுவாள். வாய் ஓயாது.

அவள் வீட்டுக்காரருக்குத் திமிங்கலப் படகில் எஞ்சின் பார்க்கும் வேலை. எப்போதும் எஞ்சின் எண்ணெய் வாடையோடு திரிந்ததால் ஊர் அவருக்கு டீசல் என்றே பெயர் வைத்துவிட்டது. மேலே பயணிகள் ஆவென்று கூச்சல் போடும்போது அவர் கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

"பேருதான் திமிங்கலப் படகு. நான் பாத்ததெல்லாம் பிஸ்டனைத்தான்," என்பார்.

"ஒரு தடவ மேல வந்து பாருங்களேன். எஞ்சின் என்ன ஓடியா போயிடும்?"

"ஓடாம நின்னுடும்டி. அதான் பயம்."

வேடிக்கையாகச் சொன்னாலும் பயம் நிஜம்தான். எஞ்சின் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியது. முதலாளியிடம் சொன்னால், "இந்த சீசன் முடியட்டும்பா," என்று வாயை அடைத்துவிடுவார்.

அன்றைக்கு விடுமுறைக் கூட்டம். முனையைச் சுற்றிக்கொண்டு வந்த படகு திடீரென்று நின்றது. திமிங்கலம்தான் வந்துவிட்டது என்று கூட்டம் கடலோரக் கைப்பிடிச் சுவருக்கு ஓடியது. எஞ்சின் சத்தம் நின்றுபோனது அவளுக்கு மட்டும்தான் உறைத்தது.

நல்ல பைனாகுலர் ஒரு வெளியூர்க்காரர் கையில் இருந்தது. பக்கத்தில் நின்ற தன் மனைவிக்கு அவர் பந்தய வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

"அலை படகைப் பாறைப் பக்கம் இழுத்துட்டுப் போகுது! அதோ, இன்னொரு படகு வருது! ஆளுங்கள அதுக்கு மாத்துறாங்க!"

அக்கா பாய்ந்து போய் அந்தப் பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். வானமும் தண்ணீரும் மாறி மாறி ஆடியதே தவிர, படகு சிக்கவில்லை. திரும்ப அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். தலையில செவப்புத் துண்டு கட்டின ஆள் தெரியுறாரா?"

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரர்."

அவர் முகம் செத்துப்போயிற்று. குரலும் இறங்கிவிட்டது.

"எல்லாரும் மாறிட்டாங்கம்மா. படகு ஓட்டுறவரும் தாவிட்டார். திரும்பி நின்னு யாரையோ கத்திக் கூப்பிடுறார்..."

"அக்கா, எனக்கு ஒண்ணு குடுங்க, சீக்கிரம்!" மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கை நீட்டினார்கள். என்றைக்கும் இல்லாத கிராக்கி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வெளியூர்க்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"நிறுத்தாதீங்க சார். சொல்லுங்க."

"படகு பாறையில மோதிடுச்சும்மா. சாயுது."

"செவப்புத் துண்டு?"

"தெரியலம்மா."

திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். அவரும் அதையே சொன்னார். கடைசியில் நுரையும் பலகைகளும்தான் மிதந்தன.

பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மேலே வரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியும் டீசல், "இதோ புடிச்சிடும், இதோ புடிச்சிடும்," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கரை ஒதுங்கி வீட்டுக்கு வந்த பிணத்தின் காலடியில் படகு ஓட்டுபவர் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். வெளியூர்க்காரரும் வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அவள் மறுபடி முனைக்கே போனாள். வேறு போக்கிடம் இல்லை. வாடகைக்குக் கொடுப்பாள், வாங்குவாள். திமிங்கலம் எங்கே என்று கேட்டால் பொதுவாகக் கடலைக் காட்டுவாள்.

முதலாளி வேறு படகு வாங்கினார். அதில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தது அவளுடைய கொழுந்தன். சேதி கேட்டதும் அவன் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கத்தினாள்.

"உங்கண்ணன முழுங்கினது பத்தலையாடா உனக்கு?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு வேற என்ன வேலை தெரியும் அண்ணி? நீங்களும் அங்கதான உக்காந்திருக்கீங்க?"

அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அதை வாங்காமலே இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தாள்.